மிதிச்சுப் பிடிங்க

பின்பக்கத்து இடது சக்கரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். பெடலுக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற சக்கரம் முதலில், பக்கத்தில் இருக்கிறது கடைசியில், அதுதான் முறை, எனக்குத் தெரியும், தெரிந்தும் காலையிலிருந்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன், துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருக்கிறேன். கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. தவசுகாலத்து ஞாயிறும் அதுவுமாகப் பூசைக்குப் போகாமல், நைட்டிக்கு மேல் புருஷனுடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் கிடக்கிறாள் சந்தியாகு பெண்சாதி என்று சொல்வார்கள், சொல்லட்டும், மூன்று ஞாயிறாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் ஞாயிறு நாலு சக்கரத்து பிரேக் டிரம்மையும் கழற்றினேன், ஒன்று துருப்பிடித்து வராமல் சுத்தியலால் தட்டித் தட்டி மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாவது ஞாயிறு லைனிங் மாற்றினேன், ஸ்பிரிங் தெறித்து நெற்றியில் பட்டு வீங்கியது. போன ஞாயிறு சிலிண்டர் ரப்பர்கள், புதுக் குழாய், எல்லாம் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. மெக்கானிக் மேலே வரமாட்டேன் என்கிறான், வண்டியைக் கீழே கொண்டுவா என்கிறான், பிரேக் இல்லாத வண்டியை எப்படிக் கீழே கொண்டுபோவது. சரி, நானே செய்கிறேன் என்று சொன்னபோது போனில் சிரித்தான். இப்போது பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, குழாய்க்குள் மாட்டிக்கொண்டிருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஆயிலுக்குள் ஒரு பொட்டுக் காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், சக்கரம் தன் போக்கில் ஓடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பெடலை மிதிக்க ஒரு கால், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன மூக்கைத் திறந்து மூட ஒரு கை. கை இருக்கிறது. கால் அதோ வாசற்படிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கடுங்காப்பி டம்ளரோடு, இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறது. பதினாலு மாதமாக இந்தப் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இன்று ஞாயிறு, நாளை திங்கள், அவ்வளவுதான். என் புருஷனுடைய இடது தொடையெலும்பில் வைத்த தகட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று படத்தைப் பிடித்துக் காட்டினார் டாக்டர். தளர்ந்திருக்கிறது. அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் காது அடைத்தது, அந்த அறையில் இருந்த காத்தாடி சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள், எலும்பு கெட்டுப்போனால் அப்புறம் நடை வராது என்றார். அன்றைக்கு ஊர் ஆட்கள் நாலு பேர் நாற்காலியில் கயிறு கட்டித் தார்ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள், மூன்று கிலோமீட்டர் இறக்கம், ஏழு வளைவு, ஐந்தாவது வளைவில் ஒரு ஆளுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்து இவர் தகரம் கிழிகிற மாதிரி கத்தினார். வீடு திரும்பியதும் சொன்னார், இனிமேல் என்னை யாரும் பாடை மாதிரித் தூக்கக் கூடாது. ஈச்சமேட்டில் பதினொரு வீடு, ஒரு ஜீப், அது எங்களுடையது. அதிலே போவோம் என்றேன். அதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை. "என் கையால கெட்ட வண்டி அது, அமலி. என் கைய நம்பி நானே ஏறமாட்டேன்" என்றார். என் கையால. என் கையால. அதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன், சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

சாம்பார் ஊற்றட்டுமா. இப்படித்தான் பதினாலு மாதமாக வாய் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. இதோ இந்த நட்டு. சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. குழாயைச் சிலிண்டரோடு சேர்க்கிற நட்டு, பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறேன், போன ஞாயிறே முறுக்கினேன், பிறகு திங்கள் சாயங்காலம் முறுக்கிப் பார்த்தேன், புதன் பார்த்தேன், இன்றைக்கு விடிந்ததும் பார்த்தேன், இதற்கு மேல் முறுக்கினால் மரை அறுந்துவிடும், கை மறுபடியும் அங்கேதான் போகிறது. போன வருஷம் தை மாதம் இதே சக்கரத்தில் இருவருமாக வேலை பார்த்தோம், களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மாட்டிவிட்டு வலது சக்கரத்துப் பக்கம் நகர்ந்தார், நான் முறுக்கிவிடுகிறேன் நீங்கள் போங்கள் என்று ஸ்பேனரை வாங்கினதே நான்தான். விரலால் திருகினேன். ஸ்பேனரில் ஒரு கால் சுற்று. அப்போது தூறல் விழுந்தது. தை மாதத்தில் எங்கிருந்து வந்ததோ, கொட்டை நனைந்தால் பூசணம் பிடிக்கும் என்று தார்ப்பாயை இழுக்க ஓடினேன். பாயின் ஒரு முனையை இழுத்துப் பிடித்து மேலே கல் வைக்கும்போது அவர் சத்தம் போட்டுக் கேட்டார், முறுக்கியாச்சா. ஆச்சு என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லை வைத்துவிட்டுப் போய் முறுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், அடுத்த முனைக்குப் போனேன், பிறகு இன்னொரு முனை, பிறகு நனைந்த கொட்டையைத் தனியாக அள்ளினேன், பிறகு மறந்துபோனேன். ஒரு சொல். அதைச் சொல்லும்போது வாயில் ஒரு கனமும் இல்லை.

மறுநாள் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மூன்று வளைவு வரைக்கும் பிரேக் பிடித்தது. நாலாவது வளைவில் பெடல் தரைவரைக்கும் போனது. அவர் கத்தவில்லை. கிளச்சை மிதித்துக் கியரைக் குறைத்தார், கை பிரேக்கை இழுத்தார், பின்னால் மூட்டைகளின் பாரம் தள்ளிக்கொண்டே இருந்தது. என் பக்கம் பள்ளம். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் ஒடித்து மண்மேட்டில் வண்டியை முட்டினார். கிளச்சில் நீட்டியிருந்த இடது கால் அப்படியே முறிந்தது, தலை கம்பியில் மோதியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. நாலு நாள் கழித்து அவருக்குப் பேச்சுத் தெளிந்தபோது முதல் கேள்வி, "நட்ட நான் முறுக்கலையா அமலி?" அப்போது சொல்லியிருக்கலாம். கட்டுப் போட்ட தலையோடு கிடக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு தையல் பிரிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு வாக்கரில் நடக்கட்டும், பிறகு ஊன்றுகோலில் நடக்கட்டும். போன வருஷம் பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்தார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். வீட்டில் சொன்னாயா என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கடவுளிடம் சொல்வது எவ்வளவு சுலபம், அவருக்குத் தொடையெலும்பு இல்லை. சே, என்ன பேச்சு இது, தவசுகாலத்தில். ஆனால் அதுதான் உண்மை. சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலமாக முழங்கால் போட்டு எழுந்திருக்கும்போதும் எனக்கு இந்த நட்டுதான் கண்ணில் நிற்கிறது. போதும். வண்டியைச் சரிசெய்தால் மட்டும் அவர் ஏறமாட்டார். வண்டி கெட்டதாக அவர் நினைக்கவில்லை, தன் கை கெட்டதாக நினைக்கிறார். இரண்டையும் இன்றைக்கே செய்ய வேண்டும், இந்தச் சக்கரத்தடியிலேயே.

"ஏங்க." காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஏங்க, பெடல் மிதிக்க ஆள் வேணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "வேற யாரையாவது கூப்பிடு." "எல்லாரும் பூசைக்குப் போயிட்டாங்க. வலது கால்தான வேணும், அது நல்லாத்தான இருக்கு." இதை நான் வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னேன், கெஞ்சினால் வரமாட்டார், முப்பது வருஷமாகத் தெரியும். "மிதிச்சா ஏறுற மாதிரி ஆயிடாது. வண்டி கல்லு மேல நிக்குது, ஒரு அடி நகராது." பலா மரத்தில் அணில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பிறகு ஊன்றுகோல் தரையில் பட்டது, ஒன்று, இரண்டு, நடுவில் நின்றார், திரும்பிப் போனார், வரமாட்டார் என்று நினைத்தேன், ஆனால் சமையற்கட்டுக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அது இப்போது பழக்கமாகிவிட்டது, ஒன்றுக்கு நாலு தடவை பார்ப்பார், கதவை, அடுப்பை, தண்ணீர்க் குழாயை. வலியில் மனுஷன் இப்படித்தான் ஆவான் என்று நினைத்துக்கொள்வேன். ஜீப் அசைந்தது. கம்பியைப் பிடித்து ஏறுகிறார், மூச்சு வாங்குகிறது, சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சீட்டில். நான் மல்லாந்து படுத்தேன். மூக்கில் டியூபை மாட்டினேன், மறுமுனையைப் பாட்டிலில் விட்டேன். இங்கிருந்து அவர் முகம் தெரியாது, அவருக்கும் என் முகம் தெரியாது, இடையில் இரும்பு. நல்லது.

"மிதிங்க. விடுங்க. மிதிங்க. விடுங்க. மிதிச்சுப் பிடிங்க." மூக்கைத் திறந்தேன். சீறிக்கொண்டு நுரை வந்தது, டியூபில் குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. மூடினேன். "விடுங்க." மறுபடியும். மூன்றாவது தடவை அவரே சொல்லாமல் சரியான நேரத்துக்குப் பிடித்தார், கால் மறக்கவில்லை. குமிழி குறைந்தது. இப்போது சொல்ல வேண்டும், இந்தச் சக்கரம் முடிவதற்குள், அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டால் தைரியம் போய்விடும், இந்த நட்டு என் கண்ணுக்கு நேராக இருக்கும்போதே. பிரேக் ஆயில் வாசனை நெற்றிக்குள் ஏறுகிறது. சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்ட அதே வாய், தடுமாறாதே. "மிதிச்சுப் பிடிங்க" என்று சொல்லி மூக்கைத் திறந்துகொண்டே சொன்னேன், "ஏங்க, அன்னைக்கு இந்த நட்ட முறுக்காம விட்டது நீங்க இல்ல. நான்." ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஸ்பேனர உங்க கையிலிருந்து நான்தான் வாங்கினேன். தூறல் விழுந்துச்சு, கொட்டைய மூட ஓடினேன். முறுக்கியாச்சான்னு கேட்டீங்க. ஆச்சுன்னேன். ஆகல." பெடல் விட்டுவிட்டது. மூக்கை மூடுவதற்குள் டியூபில் இறங்கின ஆயில் கிர்ரென்று மேலே ஏறியது, அதன் பின்னாலேயே காற்றும் உள்ளே போனது, எடுத்த காற்று முழுக்கத் திரும்பிப் போனது. "என்ன சொன்ன?" என்றார். மறுபடி சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ஜீப் அசைந்தது. ஊன்றுகோல் மண்ணில் குத்தியது, வேகமாக, காலுக்கு ஆகாத வேகம், வீட்டைத் தாண்டி மிளகுக்கொடிப் பக்கம் போய் மறைந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் ஓடி என்ன சொல்வது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் அது அவருடையது, அதை வைத்து என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும், அடிக்கட்டும், திருப்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லட்டும், அதற்கும் இந்த ஜீப்பில்தான் இறங்க வேண்டும். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் காக்கிச் சட்டைக் கையில் துடைத்தேன், சட்டையில் இருந்த கிரீஸ் கண்ணில் பட்டு எரிந்தது. ஒரு ஆளாகவும் காற்று எடுக்கலாம், நேரம்தான் ஆகும். பாட்டிலில் ஆயில் நிறைய ஊற்றி டியூப் முனை மூழ்கி இருக்கும்படி வைத்து, மூக்கை லேசாகத் திறந்துவிட்டு, நானே மேலே ஏறி மெதுவாக மிதித்து, மெதுவாக விட்டு, இறங்கி வந்து மூட வேண்டும். ஏறினேன். சீட்டில் அவர் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. மிதித்தேன், இறங்கினேன், முட்டி போட்டேன், பார்த்தேன், மூடினேன், மேலே பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பினேன், ஏறினேன். எட்டுத் தடவையோ ஒன்பது தடவையோ. மிளகுப் பக்கத்தில் ஆள் விழுந்த சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் காது அங்கே போகிறது. அந்தப் பக்கம் சரிவு. வேலி இருக்கிறது. வேலி இருக்கிறதா, மாசியில் மாடு முட்டிச் சாய்த்ததே, கட்டினேனா. கட்டினேன். கட்டினதை மறுபடிப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. போகக் கூடாது. டியூபைப் பார், அமலி. குமிழி வருகிறதா பார். கோயிலில் இரண்டாவது மணி, பாட்டுச் சத்தம், யாரோ தாளம் தப்புகிறார்கள். குமிழி வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. மூக்கை முறுக்கி மூடினேன், ஒரு தடவை, பிறகு கையை எடுத்துவிட்டேன். இடது பின்சக்கரம் முடிந்தது.

வலது பின்சக்கரத்துக்கு டியூபை மாற்றும்போது ஊன்றுகோல் திரும்பி வந்தது. தலைமாட்டில் வந்து நின்றது. அவர் செருப்பு மட்டும் தெரிந்தது, அதில் மிளகுக்கொடிச் சருகு ஒட்டியிருந்தது. "எங்கய்யாவுக்கு மறதி வந்தது ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். மாமா கடைசி மூன்று வருஷம் சொந்த மகனையே யார் என்று கேட்டவர். "எனக்கும் அதுதான்னு நெனச்சேன். குழாய மாட்டுனது ஞாபகம் இருக்கு. தூறல் விழுந்தது ஞாபகம் இருக்கு. முறுக்குனது மட்டும் வரவே மாட்டேங்குது. பதினாலு மாசமா ராத்திரியெல்லாம் தேடிட்டிருக்கேன், அமலி. கையிலேயே இல்ல. அவ்வளவுதான், புத்தி போயிருச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல உன் பேரு மறந்துரும்னு…" நிறுத்தினார். அடுப்பை நாலு தடவை பார்த்த மனுஷன். வலி என்று நினைத்தேனே. கூடவே படுத்து எழுந்து, கஞ்சி ஊற்றி, குளிப்பாட்டி, இந்தப் பயம் அந்த உடம்புக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "நடக்காததத் தேடுனா எப்படிடி கெடைக்கும்" என்றார். "நீ சொல்லியிருக்கணும்." "சொல்லியிருக்கணும்" என்றேன். "காலு போனதுகூடப் பெருசில்ல. இது. இத நீ எனக்குப் பண்ணியிருக்கக் கூடாது." "கூடாது" என்றேன். வேறு என்ன சொல்வது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது பூசையில் ஒரு வாரத்தில் எத்தனை தடவை சொல்கிறோம், அந்தச் சொல்லை இங்கே வைக்க எனக்குக் கூசியது. பிறகு, "இன்னைக்கு உங்கூடப் பேச மாட்டேன். பெடல் மட்டும் மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினார்.

மிதிங்க, விடுங்க, மிதிச்சுப் பிடிங்க. என் குரல் மட்டும்தான், பதிலுக்கு ஸ்பிரிங் சத்தம். வலது பின்சக்கரம். பிறகு இடது முன்சக்கரம், அதில் மூக்கு இறுகிப்போய்த் திறக்கவே இல்லை, ஸ்பேனர் வழுக்கி முட்டியில் தோல் போனது, மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து திறந்தேன், அந்த நேரம் முழுக்க அவர் மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபம் ஒரு வீடு மாதிரி, உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று வாசலில் நிற்பவளுக்குத் தெரியாது. வராமலே போகலாம். அதுவும் சரிதான், அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கால் பதிகிற விதத்தைக் கவனித்தேன், காலையில் தயங்கித் தயங்கி மிதித்தது, இப்போது ஒரே அழுத்தாக, அளவாக, பழைய சந்தியாகு மிதிக்கிற மாதிரி மிதிக்கிறது. கடைசிச் சக்கரத்தில் மூன்றாவது தடவையிலேயே ஆயில் சுத்தமாக, தேன் மாதிரி, ஒரு குமிழி இல்லாமல் இறங்கியது. மூடினேன். "பெடல் எப்படி இருக்கு?" என்று மறந்துபோய்க் கேட்டுவிட்டேன். பேச மாட்டார். பெடலை இரண்டு தடவை அமுக்கினார், பாதியிலேயே கல்லு மாதிரி நிற்கிற சத்தம் கேட்டது. அதுதான் பதில்.

சக்கரங்களை மாட்டி, கல்லை எடுத்து, ஜாக்கியை இறக்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் வலது பக்கம் போய் நின்றேன், அவர் இறங்குவார், நான் ஏறி முதல் வளைவு வரைக்கும் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், பயமாகத்தான் இருக்கிறது, எப்படியும் ஓட்டித்தான் ஆக வேண்டும். அவர் இறங்கவில்லை. கையை ஊன்றிக் கியர் கம்புகளைத் தாண்டி, காலைத் தூக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நேரே பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், இரண்டு தடவை செருமி மூன்றாவது தடவை பிடித்தது, கரும்புகை போய் வெள்ளைப் புகை போய்ச் சீரானது. அவருடைய கை நீண்டு சின்னக் கம்பைப் பிடித்து நாலு சக்கரத்துக்கும் இழுவை விழுகிற லோ கியரில் தள்ளியது, அதில் போட்டால் பிரேக் போனாலும் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், அது எனக்கும் தெரியும், இருந்தாலும் அவரே தள்ளினார். நகர்ந்தோம். களம் போனது, பலா மரம் போனது, பாதை குனிந்து இறங்க ஆரம்பித்தது. கால் கட்டைவிரலெல்லாம் வேர்த்துவிட்டது. முதல் வளைவு, என் பக்கம் மண்மேடு, அவர் பக்கம் பள்ளம், கீழே சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள், அதற்கும் கீழே வெயிலில் வெளுத்த சமவெளி. இப்போது. மிதித்தேன். ஜீப் முன்னால் ஒரு தடவை குனிந்து நின்றது. நின்றது. பெடல் காலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. எண்ணாமல் எண்ணினேன், முப்பது வரைக்கும் வந்திருக்கும், ஒரு விரற்கடை இறங்கவில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கினார். ஊன்றுகோலோடு வண்டியைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் குனிய முடியாத இடுப்பை வளைத்து, விரலால் தொட்டு, ஆயில் கசிகிறதா என்று மோந்து பார்த்தார். நாலும் பார்த்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார். விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திருப்பலாம் என்று ரிவர்ஸ் போடக் கையை வைத்தேன்.

"அடுத்த வளைவுக்குப் போ" என்றார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.